என் நெஞ்சில் இருந்த பஸ் ஸ்டாண்ட்

என் மனசில் என்ன இருக்கிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று இப்போது வீட்டில் பெருமை அடித்துக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்புப் படித்த காலத்தில் அப்படிச் சொல்லிக்கொள்ள வழியில்லை. சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றினால் போதும், உள்ளே இருக்கிற அத்தனையும் தெரியும். மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை, நடுவில் சுவர், நாலு கதவு, போகிற குழாய், வருகிற குழாய். ஒரு பாதி சிவப்பு, ஒரு பாதி நீலம். எல்லாவற்றுக்கும் அம்புக்குறி போட்டுப் பெயரும் எழுதியிருக்கும். வரைந்தவள் என் அத்தை.

அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் எங்களோடுதான் இருந்தாள். காரைக்காலில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். படித்துக்கொண்டிருக்கிறேன் என்பது அவள் சொல்வது. முதல் வருஷத்து உடற்கூறு பேப்பரில் கோட்டை விட்டுவிட்டு அதே புத்தகத்தைத் திரும்பப் புரட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது அப்பா சொல்வது. இரண்டுமே உண்மைதான்.

கோட்டை விட்டது இதயத்தில். படம் வரைந்து ரத்த ஓட்டத்தை விளக்கு என்று கேட்டிருக்கிறார்கள். அத்தை இடது வலதை மாற்றிப் போட்டுவிட்டாள். அசுத்த ரத்தத்தை உடம்பு முழுக்க விநியோகம் பண்ணி, சுத்த ரத்தத்தை எதற்கும் இருக்கட்டும் என்று நுரையீரலுக்கு அனுப்பிவைத்தாள். “பேப்பர் திருத்துனவரு அந்தப் பேஷண்டுக்கு மாலையே வாங்கிப் போட்டிருப்பாரு அண்ணி” என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

அப்பா சிரிக்கிற ஆள் இல்லை. காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு அவர் டைம் கீப்பர். கையில் வாட்ச், வாயில் விசில். அவர் ஊதினால்தான் வண்டி நகரும். ஊதுவதற்கு முன்னால் நகர்ந்த வண்டியின் டிரைவருக்கு அவர் சொல்லும் வார்த்தைகளை எழுதினால் இதை வீட்டில் யாரும் படிக்க முடியாது. அப்படிப்பட்டவருக்குத் தங்கையின் படிப்பு, நேரம் முடிந்தும் பிளாட்பாரத்தை விட்டுக் கிளம்பாத வண்டியாகத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து மயிலாடுதுறையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பம்புசெட் கடை வைத்திருந்தார். பெண் என்ன படிக்கிறாள், எதில் ஃபெயில் என்று அவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததையே அப்பா பெரிய குணமாக எடுத்துக்கொண்டார்.

“அவங்க சரின்னுட்டா தை மாசமே முடிச்சுருவோம். அதுக்கப்புறம் பரீட்சையாவது ஒண்ணாவது.”

“திங்கக்கிழமை பரீட்சைண்ணே. இந்தத் தடவை பாஸ் பண்ணிருவேன்.”

“சனிக்கிழமை அவங்க வராங்க. முதல்ல அதப் பாரு.”

அத்தை உள்ளே வந்து புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தாள். நான் சட்டை இல்லாமல் எதிரே உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். காரைக்கால் புழுக்கத்தில் பையன்கள் வீட்டில் சட்டை போடுவது விருந்தாளி வந்தால் மட்டும்தான். அத்தை புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் புத்தகத்தைப் பார்த்தாள். எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

“டேய் மருமகனே, எந்திரிச்சு எதிர நில்லு. உன் இடது கை எது?”

நான் வலது கையைத் தூக்கினேன். இந்த விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்கே கொஞ்சம் தடுமாற்றம் உண்டு.

“அது சாப்பிடுற கைடா.”

சாப்பிடுகிற மாதிரி ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு மற்றதைத் தூக்கினேன். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். புத்தகத்தில் இருக்கிற இதயம் நமக்கு எதிரே நிற்கிற ஆளுடையது. அதனால் அவனுடைய இடது, தாளில் வலது பக்கம் கிடக்கிறது. ஒரு வருஷமாக அந்தப் படத்தைத் தன்னுடைய இதயம் என்று நினைத்துப் படித்திருக்கிறாள். விஷயம் பிடிபட்ட சந்தோஷத்தில் என் தோளைப் பிடித்து நிறுத்திப் பேனாவை எடுத்தாள்.

முதல் நாள் பால்பாயிண்ட் பேனா. எனக்குக் கூச்சம் அதிகம். வலது கீழறையை வரையும்போது நான் நெளிந்த நெளிப்பில் அந்த அறை அக்குள் வரைக்கும் போய்விட்டது. மறுநாள் வியர்வையில் எல்லாம் கரைந்து பள்ளிக்கூடச் சட்டையில் நுரையீரல் ஒட்டிக்கொண்டது. அம்மா சட்டையைத் துவைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் துவைத்தாள். அதற்குப் பிறகுதான் அத்தை சி.டி. மேல் பெயர் எழுதுகிற மார்க்கர் வாங்கி வந்தாள், சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. அது சட்டையில் ஒட்டவில்லை. என்னை விட்டும் போகவில்லை.

இப்படி நான் நடமாடும் கரும்பலகை ஆனேன். சாயங்காலமானால் நான் நிற்பேன், அத்தை எதிரே உட்கார்ந்து ஸ்கேலால் தொட்டுத் தொட்டுச் சொல்வாள். டைம் கீப்பர் தங்கை அல்லவா, பாடம் முழுக்க பஸ்ஸாகவே வந்தது. ரத்தம்தான் பஸ். வரிச்சிக்குடி, அந்த ஊர், இந்த ஊர் என்று உடம்பின் எல்லா ஊருக்கும் போய் டீசல் தீர்ந்து, புழுதி படிந்து திரும்புகிற வண்டிகள் வலது மேலறைக்குள் வரும். அதுதான் நீலம். அங்கிருந்து வலது கீழறை. வலது கீழறை அதைப் பக்கத்தில் இருக்கிற நாகூருக்கு அனுப்பும். நாகூர்தான் நுரையீரல். கடல் காற்று வாங்கி, டீசல் போட்டு, பளபளவென்று சிவப்பாகித் திரும்பி இடது மேலறைக்கு வரும். அங்கிருந்து இடது கீழறை. இடது கீழறைதான் வெளியூர் சர்வீஸ். தலை முதல் கால் வரைக்கும் அதுதான் தள்ள வேண்டும், அதனால் அதன் சுவர் தடிமன். நாகூருக்கு மட்டும் அனுப்புகிற வலது கீழறைக்கு அவ்வளவு தடிமன் தேவையில்லை.

வால்வு என்பது செக்போஸ்ட். இதை வேறு ஊரில் பிறந்தவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, ஒரு பக்கம் கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. எங்கள் ஊரில் பிராந்தி பாட்டில் விலை குறைவு. அதனால் ஊருக்குள் வருகிற வண்டியை செக்போஸ்டில் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. வெளியே போகிற வண்டியைத்தான் சீட்டுக்கு அடியில் கைவிட்டுப் பார்ப்பார்கள். உள்ளே விடும், திரும்ப விடாது. வால்வு செய்கிற வேலை மொத்தமும் அதுதான். “லப்டப்புங்கறது இதயம் அடிக்கிற சத்தம் இல்லடா. செக்போஸ்ட் கேட்டு மூடுற சத்தம். லப்னா மேல் ரூமுக்கும் கீழ் ரூமுக்கும் நடுவுல உள்ள கேட்டு. டப்னா வெளியில போற ரோட்டுல உள்ள கேட்டு” என்று அத்தை சொன்னபோது நான் என் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டேன். போக்குவரத்து நன்றாகத்தான் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் என் மதிப்பு ஏறிவிட்டது. மதிய இடைவேளையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் காட்சி. அவரவர் இதயம் அவரவர் மூடின கை அளவு என்று நான் அறிவித்ததும் எல்லோரும் கையை மூடி அளந்து பார்த்தார்கள். வகுப்பிலேயே பெரிய இதயம், ஒரு நெல்லிக்காயைக்கூட யாருக்கும் தராத ஒரு தடியனுடையது என்று தெரிந்தது. அறிவியலில் எனக்கு ஏற்பட்ட முதல் அவநம்பிக்கை அது.

சனிக்கிழமை வந்தது. திருநள்ளாறு கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பது என்று ஏற்பாடு. கோயிலில் பார்த்தால், பிடிக்காமல் போனாலும் வீட்டுக்கு வந்து கேசரி தின்றுவிட்டுப் போன சங்கடம் இருக்காது. அதோடு மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு ஏழரை நடந்துகொண்டிருந்தது. நளன் குளத்தில் எண்ணெய் தேய்த்து முழுகினால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரே கார், இரண்டு வேலை. “சனீஸ்வரன் சன்னதியிலயா பொண்ணு பாப்பாங்க?” என்று அம்மா முணுமுணுத்தாள். அப்பா வாட்சைப் பார்த்தார்.

அதற்குள் என்னை அழிக்க அம்மா எடுத்த முயற்சிகள் தனிக் கதை. சோப்பு, எலுமிச்சம்பழம், புளி, பீர்க்கங்காய் நார் எல்லாம் போட்டுத் தேய்த்ததில் தோல் சிவந்தது. இதயம் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. கடைசியில் கழுத்து வரைக்கும் பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டி, இரண்டு கட்டளை போட்டாள். சட்டையைக் கழற்றக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது.

குளத்தில் கூட்டம். படிக்கட்டு முழுக்க எண்ணெய் வழுக்கல், முழுகி எழுந்தவர்கள் விட்டுவிட்டுப் போன ஈரத்துணிகள். காரைக்கால்காரர்களான நாங்கள் அதில் முழுகுவது அபூர்வம். சனி எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. தினம் பார்க்கிற ஆளிடம் புதிதாகப் போய் என்ன சொல்வது? பெண்கள் மேல்படியில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, என் அம்மா, நடுவில் தலையைக் குனிந்தபடி அத்தை. மாப்பிள்ளை தோளில் துண்டோடு இரண்டு படி தள்ளி நின்றார். ஒல்லியாக, கொஞ்சம் பயந்த மாதிரி இருந்தார். பெண் பார்க்க வந்தவரா, பல் பிடுங்க வந்தவரா என்று சொல்ல முடியாத முகம். தாய்மாமன்தான் எல்லோருக்கும் சேர்த்துப் பேசினார். மீசைக்குச் சாயம், உடம்பெல்லாம் நல்லெண்ணெய்.

“தம்பி, முதுகு எட்டல. கொஞ்சம் தேச்சு விடு.”

தேய்த்துவிட்டேன்.

“நல்ல பையன். நீயும் ஒரு முழுக்குப் போடு. சட்டையக் கழட்டு.”

“வேணாம் தாத்தா.”

“தாத்தாவா? மாமான்னு கூப்புடு. ஆம்பளப் புள்ளைக்கு என்னடா வெக்கம்?” என்று சொல்லிக்கொண்டே, என் தலையில் ஒரு கை எண்ணெயை வைத்து அழுத்திவிட்டு, சட்டையை அப்படியே தலை வழியாக உருவினார். சட்டை முகத்தை மூடியிருந்த அந்தக் கொஞ்ச நேரம் இருட்டாக, அமைதியாக இருந்தது. நான் அதிலேயே இருந்திருப்பேன். விடவில்லை.

வெளிச்சம் வந்தபோது தாய்மாமன் வாயைத் திறந்தபடி நின்றார். மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “ஐயையோ, பச்சப்புள்ளைக்கு ஆபரேஷன் பண்ணிருக்கா?”

“இல்லைங்க, அது வந்து...” என்று என் அம்மா ஆரம்பித்து அங்கேயே நின்றாள். அப்பா மேல்படியிலிருந்து இறங்க ஆரம்பித்தார். எண்ணெய் வழுக்கலில் அவரால் வேகமாக வர முடியவில்லை. அந்த ஒரு காரணத்தால்தான் இந்தக் கதை தொடர்கிறது.

“என்னடா இது, பச்ச குத்தியிருக்கியா?” என்றார் தாய்மாமன்.

வாயைத் திறக்கக் கூடாது என்பது நினைவில் இருந்தது. ஆனால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அத்தனை நாள் காட்சி நடத்தியவன் நான். சட்டை போனால் பாடம் வந்துவிடும். விரல் தானாக நெஞ்சுக்குப் போனது.

“இதுதான் இதயம். அவரவர் மூடின கை அளவு இருக்கும்” என்று ஆரம்பித்தேன். வரிச்சிக்குடி பஸ்ஸை வலது மேலறைக்குள் கொண்டுவந்தேன். நாகூருக்கு அனுப்பினேன். சிவப்பாக்கித் திரும்பக் கூட்டிவந்தேன். குளித்துக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கேட்க ஆரம்பித்தார்கள். ஆள் சேர்ந்தால் எனக்குக் குரல் தடித்துவிடும்.

“இது வால்வு. நம்ம செக்போஸ்ட் மாதிரி. வர்றப்ப திறந்து விட்ருவாங்க. வெளியில போறப்ப வண்டியில பாட்டில் இருந்துச்சுன்னா டப்புன்னு மூடிருவாங்க.”

தாய்மாமனுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. கரையில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் டிக்கிப் பக்கம் பார்த்தார், அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். ஒரே காரில் அவர்கள் மூன்றாவதாக ஒரு வேலையும் வைத்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்? நான் வால்வைத்தான் சொன்னேன்.

அப்பா கடைசிப் படிக்கு வந்துவிட்டார். கை ஓங்கியாகிவிட்டது. அந்த நேரத்தில் அதுவரைக்கும் வாயே திறக்காத மாப்பிள்ளை பேசினார்.

“தம்பி, பம்பு சரி. பம்பு ஓடணும்னா கரண்ட் வேணுமே. அது எங்கேருந்து வருது? மூளையிலேருந்தா?”

“இல்ல. எங்க அப்பாகிட்டேருந்து.”

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பாவின் கை மேலேயே நின்றது.

வலது மேலறையின் மூலையில் அத்தை வைத்திருந்த சின்னப் புள்ளியைத் தொட்டுக் காட்டினேன். “இவருதான் டைம் கீப்பரு. எங்க அப்பா பஸ் ஸ்டாண்டுல பாக்குற வேலைதான் இவருக்கும். இவரு விசில் ஊதுனா மேல் ரூம் ரெண்டும் கெளம்பும். கீழ ஒரு அசிஸ்டெண்ட் இருக்காரு. அவரு அதக் கேட்டு, மேல காலியாவற வரைக்கும் ஒரு இமை நேரம் பொறுத்து ஊதுவாரு. அப்பதான் கீழ் ரூம் கெளம்பும். மூளை வந்து வேகமா ஊது, மெதுவா ஊதுன்னு சொல்லலாம். ஊதக் கத்துக்குடுக்க முடியாது. இவரா ஊதுவாரு. ராவும் பகலும் ஊதுவாரு. லீவே கெடையாது.”

“லீவு போட்டா?” என்றார் தண்ணீரில் நின்ற ஒருவர்.

“அசிஸ்டெண்ட் ஊதி ஏதோ மெதுவா ஓட்டுவாரு. ஆனா சரியா வராது. ஊரே தள்ளாடும்.”

அப்பா ஓங்கிய கையை இறக்கித் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். அத்தனை வருஷ உத்தியோகத்தில் அவரை யாரும் அப்படி எடுத்துச் சொன்னதில்லை. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள ரொம்பப் பாடுபட்டார். “சரி சரி, போதும்” என்றார். சொன்ன விதத்தில் இன்னும் கொஞ்சம் சொல்லேன் என்பதும் இருந்தது.

இதற்கிடையில் தலையில் வைத்த நல்லெண்ணெய் கழுத்து வழியாக இறங்கிவிட்டது. சோப்பும் புளியும் செய்ய முடியாததை அது சுலபமாகச் செய்தது. குனிந்து பார்த்தால் நடுச்சுவர் கரைந்து, சிவப்பும் நீலமும் ஒன்றோடொன்று கலந்துகொண்டிருக்கிறது. எனக்குப் பகீர் என்றது. “அத்தே, சுவத்துல ஓட்டை!” என்று கத்தினேன். கூட்டம் சிரித்தது. அத்தை குனிந்த தலை நிமிராமல் இருந்தாள். ஆனால் தோள் குலுங்கியது.

மாப்பிள்ளை மட்டும் விடவில்லை. பம்புசெட் கடைக்காரர், பம்பைப் பார்த்தால் விட முடியுமா?

“ஊருக்கெல்லாம் டீசல் கொண்டு போற பஸ்ஸு சரி. பஸ் ஸ்டாண்டுல வேலை பாக்குறவங்களுக்கு டீ யாரு குடுக்குறா? இதயத்துக்கும் ரத்தம் வேணுமில்ல?”

இதை அத்தை எனக்குச் சொல்லித்தந்திருக்கவில்லை. தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

“உள்ளயேதான் அவ்வளவு ஓடுதே. மொண்டு குடிச்சுக்கும்.”

“தப்பு!”

மேல்படியிலிருந்து வந்தது. அத்தை எழுந்து நின்றுவிட்டாள். அம்மா அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்ததை அவள் கவனிக்கவே இல்லை.

“உள்ள ஓடுறதுலேருந்து அது எடுத்துக்காது. இடது கீழறையிலேருந்து பெரிய குழாய் கெளம்புதில்ல, கெளம்புன உடனே மொதக் கெளையா ரெண்டு பிரியும். அது ரெண்டும் திரும்பி இதயத்துக்கே வரும். அது மேலயே கொடி மாதிரி படந்து கெடக்கும். கரோனரின்னு பேரு. ஊருக்கு அனுப்புறதுக்கு முன்னாடி மொத டீ பஸ் ஸ்டாண்டுக்குத்தான்.”

“அந்தக் கெளை அடைச்சுக்கிட்டா?” என்றார் மாப்பிள்ளை.

“அதத்தாங்க ஹார்ட் அட்டாக்குன்னு சொல்றாங்க.”

“தடிமனான சுவரு இடது பக்கம்னு தம்பி சொன்னாரு. எந்த இடது? எனக்கு இடதா, பாக்குறவங்களுக்கு இடதா?”

ஒரு வருஷம் அவளைக் கவிழ்த்த கேள்வி அதுதான். அத்தை ஒரு நொடி கண்ணை மூடினாள். திறந்து, அவரை நேராகப் பார்த்து, அவர் நெஞ்சை நோக்கி விரலை நீட்டினாள்.

“உங்களுக்கு இடது. எதிர நிக்கிறதால எனக்கு வலது பக்கமா தெரியும்.”

சொன்ன பிறகுதான் யாரை நோக்கி விரல் நீட்டியிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது போலிருக்கிறது. சட்டென்று கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. நல்ல வெயில் அன்றைக்கு.

தாய்மாமன் ஒருவழியாக முழுகி எழுந்தார். அவர்கள் கார் பக்கம் போய் நின்று பேசினார்கள். மாப்பிள்ளைதான் அதிகம் பேசினார், தாய்மாமன் கேட்டுக்கொண்டார். ஏழரையின் முதல் பலன் அதுவாகத்தான் இருக்க வேண்டும். தாய்மாமன் திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னார். “எங்களுக்குச் சம்மதம். ஆனா பையன் ஒண்ணு சொல்றான். பொண்ணு படிச்சு முடிக்கட்டும், அதுவரைக்கும் காத்திருக்கேங்கறான்.”

“அந்தப் பேப்பரு பாஸ் பண்ணுனாத்தானே படிப்பே மேல போகும்” என்றார் அப்பா.

“பண்ணிருவாங்க” என்றார் மாப்பிள்ளை, அப்பாவைப் பார்க்காமல்.

பண்ணினால் காத்திருப்பது, பண்ணாவிட்டால் தை மாசம் என்று முடிவானது. கிளம்பும்போது தாய்மாமன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காதோடு கேட்டார். “தம்பி, சனிக்கிழமை சாயங்காலம் அந்த வால்வு எப்படி இருக்கும்?”

திங்கட்கிழமை அத்தை பரீட்சைக்குப் போனாள். அதே கேள்வி வந்திருந்தது. கண்ணை மூடினாள், நான் எதிரே சட்டையில்லாமல் நின்றேன், அப்படியே பார்த்து வரைந்துவிட்டாள். ஒரே ஒரு பிசகு. என் நெஞ்சில் உள்ள மச்சத்தையும் சேர்த்து வரைந்து, அதற்கும் ஒரு அம்புக்குறி போட்டு, பெயர் எழுதப் போகும்போதுதான் உறைத்ததாம். ரப்பரால் அழித்தாளாம். ரிசல்ட் வந்த அன்று பாஸ். பேக்கரியில் எனக்குத் தேங்காய் பன் வாங்கித் தந்தாள், நான் எத்தனை தின்கிறேன் என்று பார்க்கவே இல்லை. அப்பா பஸ் ஸ்டாண்டில் டிரைவர்களிடம், இதயத்தின் வலது மேலறையில் யார் இருக்கிறார் தெரியுமா என்று கேட்க ஆரம்பித்ததாகக் கேள்வி.

எனக்கு வருத்தம் எல்லாம் மாப்பிள்ளையைப் பற்றித்தான். அவ்வளவு நல்ல மனிதருக்கு இதயம் மட்டும் மண்டையில் ஏறவே இல்லை. அப்பா பஸ் ஸ்டாண்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து வீட்டுக்கு போன் பண்ணுவார். நான்தான் ஓடிப்போய் எடுப்பேன்.

“தம்பி, ஒரு சின்ன சந்தேகம். நாகூருக்குப் போறது வலது கீழறையிலேருந்தா, இடது கீழறையிலேருந்தா?”

நான் முதலிலிருந்து ஆரம்பித்துப் பொறுமையாகச் சொல்வேன். அவரும் “ஓகோ”, “அப்படியா” என்று பொறுமையாகக் கேட்பார். முடிந்ததும், “எதுக்கும் அத்தைகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். குடுங்க தம்பி” என்பார். நான் சொன்னதில் நம்பிக்கை இல்லாதது எனக்குக் கொஞ்சம் ரோஷமாக இருக்கும். ஆனாலும் கொடுத்துவிடுவேன். அத்தை போன் ஒயர் எவ்வளவு நீளுமோ அவ்வளவு இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்று விளக்குவாள். நான் ஒட்டுக் கேட்டிருக்கிறேன். மேலறை, கீழறை, வால்வு ஒன்றும் காதில் விழாது. பெரும்பாலும் “ம்” என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பாள். இதயம் முழுவதையும் அந்த ஒரு எழுத்தை வைத்தே விளக்கிவிடுகிறாளே என்று எனக்கு அவள் மேல் மரியாதை கூடியது. மறுநாள் அதே சந்தேகத்தோடு அவர் திரும்ப போன் பண்ணுவார்.

இப்படி இரண்டு வருஷம். அத்தை படிப்பை முடித்தாள், கல்யாணம் வந்தது. நான் ஏழாம் வகுப்பு. இனிமேல் அந்த மனிதர் யாருக்கு போன் பண்ணிக் கேட்பார் என்ற கவலையில், பெரிய சார்ட் அட்டையில் இதயத்தை வரைந்து, சிவப்பும் நீலமும் அடித்து, டீக்கடை வரைக்கும் பெயர் எழுதி, சுருட்டிக்கொண்டு மேடைக்குப் போனேன். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தவரிடம் கொடுத்தேன். விரித்துப் பார்த்தார்.

“மாமா, சந்தேகம் வந்தா இதப் பாத்துக்கங்க. இதுல இடது எது, சொல்லுங்க பாப்போம்.”

அவர் அத்தையை ஒரு தரம் பார்த்தார். பிறகு, வரிச்சிக்குடி பஸ் உள்ளே வருவதிலிருந்து முதல் டீ திரும்பி வருவது வரைக்கும், ஒரு இடத்தில்கூடத் திக்காமல், எந்தக் கேட் எப்போது மூடும் என்பது உட்பட ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அத்தை குனிந்து சிரித்துக்கொண்டே இருந்தாள். இரண்டு வருஷமாக ஏறாதது அன்றைக்கு மட்டும் எப்படி ஏறியது என்று எனக்கு விளங்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்த விதம் அப்படி என்று முடிவுசெய்துகொண்டு, பந்தியில் இடம் பிடிக்க ஓடினேன்.